செட்டிநாட்டுத் தூண் பாணியில் மரச் செடித்தொட்டி: முதலில் காலடியைக் கவனியுங்கள்

செட்டிநாட்டு வீட்டுச் சாயலில் தொட்டி கேட்பவர்கள் பெரும்பாலும் போதிகையின் (தூணின் தலையில் பாரம் தாங்கும் கட்டை) செதுக்கு வேலையைத்தான் காட்டுகிறார்கள். தொட்டி இற்றுப்போவதோ காலடியில். அந்த வீடுகளின் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், தேக்குத் தூண் தரையில் நிற்பதில்லை, கல் பாதத்தின்மேல் நிற்கிறது. மரம் பக்கவாட்டைவிட வெட்டுமுகத்தின் (குறுக்கே அறுத்த முனை) வழியாகப் பல மடங்கு வேகமாக ஈரம் இழுக்கும். அதனால் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் அம்சம் அந்தக் கல்தான்.

75 செ.மீ. நீளம், 35 அகலம், 30 உயரமுள்ள தொட்டிக்கு 6 செ.மீ. சதுரக் கால்கள் நான்கு போதும். ஒவ்வொன்றின் கீழும் 5 செ.மீ. கனத்தில் ஒரு கருங்கல் துண்டு. கல்லின் விளிம்பை வெளிப்பக்கம் சரித்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் காலைச் சுற்றியே தேங்கும். காலின் அடிமுகத்துக்கு எபாக்ஸி (நீர் புகாத பிசின்) இரண்டு கோட் அடியுங்கள்.

நனைந்த மண் எழுபது கிலோவரைகூட வரலாம் என்பதால் போதிகை இங்கே வெறும் அலங்காரம் அல்ல. அடிச்சட்டத்தைத் தாங்க வேண்டும். சட்டத்தைக் காலில் கழுந்தும் துளையுமாக (ஒன்றின் முனையை மற்றதன் துளைக்குள் செருகி) இணைத்து, போதிகையை அதன் கீழே கொடுங்கள். இரும்பு ஆணி வேண்டாம். ஈரத்தில் துரு ஏறி, தேக்கில் கறுப்புக் கறை படியும். மர ஆணியோ துருப்பிடிக்காத திருகாணியோ போடலாம். தேக்கை வெளிறு (வெளிப்புற இளமரம்) இல்லாத வைரப் பகுதியாக (உள்மரம்) பார்த்து வாங்குங்கள்.

பக்கப் பலகைகளை இறுக்கி ஒட்டினால் மழைக்காலத்தில் உப்பி மூலை பிளக்கும். காடிக்குள் (நீளவாக்கில் வெட்டிய பள்ளம்) செருகி, பலகைக்குப் பலகை 3 மி.மீ. விடுங்கள். மேல் விளிம்புப் பலகை 3 செ.மீ. வெளியே நீண்டு, அடியில் ஒரு சிறு காடியும் இருந்தால் தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிவிடும். தாழ்வாரம் செய்யும் வேலை அதுதான்.

உள்ளே பிளாஸ்டிக் தாளை ஆணியடித்து ஒட்டுவது வழக்கமான தவறு. தாளுக்கும் மரத்துக்கும் இடையே சிக்கும் ஈரம் காய்வதே இல்லை. அடியில் துளையுள்ள வளர்ப்புப் பையை ரீப்பர்மேல் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, சுற்றிலும் 2 செ.மீ. காற்றிடம் விடுங்கள்.

காரைக்குடியில் பழைய மரம் வாங்கினால் பெயின்ட் படிந்ததைக் கீரைத் தொட்டிக்குச் சேர்க்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தேய்க்கும் தூசியும் ஆபத்து. முழுசாக இருக்கும் பழைய தூணை இதற்காக அறுக்கவே அறுக்காதீர்கள்.

வெளிப்புறத்துக்கு வார்னிஷ் வேண்டாம், வெயிலில் வெடித்து அதன் அடியில் தண்ணீர் புகும். ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, ஆண்டுக்கொரு முறை புதுப்பியுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.