பெரோசா: நிஷாபூர் நீலக்கல்லின் பெயரும் பெருமையும்

ராசிக்கல் கடையில் டர்க்காய்ஸ் என்று கேட்டால்தான் பலரும் எடுத்துக் காட்டுகிறார்கள். பெரோசா என்று கேட்டுப் பாருங்கள். பழைய வியாபாரி ஒருவருக்காவது முகம் மலரும். இரண்டும் ஒரே கல்தான். ஆனால் ஒன்று கல்லின் சொந்த ஊர் வைத்த பெயர், மற்றது வழியில் ஒட்டிக்கொண்டது.

ஈரானின் வடகிழக்கில், கொராசான் பகுதியில் நிஷாபூர் நகரம் இருக்கிறது. அதற்கு வடமேற்கே உள்ள மலையில் குறைந்தது 2,000 ஆண்டுகளாக இந்தக் கல்லைத் தோண்டுகிறார்கள். அங்கே விளைந்த கல் துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. வாங்கிய பிரெஞ்சுக்காரர்கள் 'துருக்கிக் கல்' என்றார்கள். அதுதான் டர்க்காய்ஸ். கல் விளைந்த நாட்டைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு எழுத்தும் இல்லை.

பாரசீகத்தில் இது ஃபிரூஸே. வெற்றி என்று பொருள்படும் பழஞ்சொல்லான 'பேரோஸ்' என்பதிலிருந்து வந்தது. அரபியில் பகர ஒலி கிடையாது. அவர்கள் வாயில் அது ஃபகரமாகி, அதே வடிவம் பாரசீகத்துக்கும் திரும்பியது. 11ஆம் நூற்றாண்டில் மணிகளைப் பற்றி நூல் எழுதிய அல்-பிரூனியும் நிஷாபூர்க் கல்லைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வடமொழி மணி நூல்களில் இதன் பெயர் பேரோஜம். பழைய பகரம் அங்கே அப்படியே இருக்கிறது பாருங்கள். நம் ஊரில் பெரோஸ் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்களே, அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான்.

சரி, கல் எப்படி உருவாகிறது? மழைநீர் பாறைக்குள் இறங்கும்போது அங்குள்ள செம்பு, அலுமினியம், பாஸ்பேட் ஆகியவற்றைக் கரைத்துக் கொண்டுபோய் வெடிப்புகளில் படிய வைக்கிறது. வறண்ட நிலத்தில், தரைக்கு அதிக ஆழமில்லாத இடத்தில் நடக்கும் வேலை இது. நீலம் செம்பால் வருவது. இரும்பு கலக்கக் கலக்கப் பச்சை ஏறும். பட்டுப்புடவைக் கடையில் ராமர் பச்சை என்று விரித்துப் போடுவார்களே, அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால் நிஷாபூர்க்காரர் கண்ணில் மதிப்பு இறங்கிவிடும்.

அவர்களுடைய முதல் தரத்துக்குப் பெயர் அங்குஷ்தரி, அதாவது மோதிரக்கல். மாசில்லாத வான்நீலம், ஒளி ஊடுருவாத உடல், மெழுகு பூசியது போன்ற மென்பளபளப்பு. அதனால்தான் இதற்கு வைரம்போல முகங்கள் வெட்டுவதில்லை. மேலே குமிழாக இழைத்து மெருகேற்றுவார்கள். பழுப்பு, கறுப்பு நரம்புகள் மரக்கிளைபோல ஓடும் கல்லுக்கு ஷஜரி என்று பெயர். நரம்பில்லாத கல்லுக்கே விலை கூட என்றாலும், மெல்லிய வலையாகப் படர்ந்த ஷஜரியைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. எனக்கும் அதுதான் பிடிக்கும். வெளிறியதும் பச்சை கலந்ததுமான கீழ்த்தரம் அரபி என்ற பெயரில் போகும்.

மதிப்புக்கு ஒரு சான்று போதும். 1810இல் நெப்போலியன் தன் மனைவி மரீ லூயிசுக்குத் தந்த தலையணியில் முதலில் இருந்தவை மரகதங்கள். 1950களில் அவற்றைக் கழற்றி விற்றுவிட்டார்கள். அந்த இடங்களில் பிற்பாடு பதித்தவை 79 பாரசீகப் பெரோசாக் கற்கள். இன்று அந்த அணி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரகதம் இருந்த இடத்தில், 1,000க்கு மேற்பட்ட வைரங்களுக்கு நடுவே உட்காரும் தகுதி எந்த உபரத்தினத்துக்கு வாய்க்கும்!

ஆனால் கல் மென்மையானது. வைரத்துக்கு 10 என்று வைக்கும் மோஸ் அளவுகோலில் இதன் கடினத்தன்மை 5 முதல் 6 வரைதான். நுண்துளைகள் உள்ளதால் வியர்வை, எண்ணெய், சென்ட் எல்லாவற்றையும் உறிஞ்சி நிறம் மாறும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். அப்புறம், ஹவ்லைட் என்ற மலிவான வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றிப் பெரோசா என்று விற்கிறார்கள். கல்லின் அடிப்பக்கத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பஞ்சு நீலமானால் அது சாயக்கல். பஞ்சு வெள்ளையாகவே இருந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம்; பிசின் ஏற்றிய கல் இந்தச் சோதனையில் தப்பிவிடும். விலை அதிகமென்றால் ஆய்வகச் சான்று கேளுங்கள்.

இனி, தமிழில் என்ன சொல்வது? நீலப்பச்சைக்கல், பசுநீலக்கல் என்று எழுதுகிறார்கள். பொதுவாக இந்தக் கனிமத்தைக் குறிக்க இரண்டும் நல்ல சொற்களே. நிஷாபூர் ரகத்துக்கு மட்டும் அவை பொருந்தவில்லை. பச்சை இல்லாததே அதன் சிறப்பாயிற்றே! வான்நீலமணி என்றால் நிறம் சரியாக அமைகிறது. கல்லின் பெயராகச் சொல்ல வேண்டிய இடத்தில் பெரோசா என்றே எழுதலாம் என்பது என் கருத்து. வான்நீலமணியை அதற்கு விளக்கமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.