குளிர்காலத்தில் முதியோர்: கரன்ட் பில்லைக் குறைக்கலாம், 18 டிகிரியைக் குறைக்க வேண்டாம்

முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் மருத்துவன் நான். குளிர்காலத்தில் அதிகம் காதில் விழும் பதில், "எனக்கு ஒண்ணும் குளிரலை டாக்டர்" என்பதுதான். சொல்பவர் மெல்லிய சட்டையோடு உட்கார்ந்திருப்பார். ஹீட்டர் மூலையில் உறை போட்டு நிற்கும். கையைத் தொட்டால் சில்லென்று இருக்கும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைப்பதில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

வயது ஏற ஏறக் குளிரை உணரும் திறன் மங்குகிறது. இளவயதில் அறை லேசாகக் குளிர்ந்தாலே போர்வையைத் தேடுவோம். எழுபதைத் தாண்டிய பலருக்கு நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் உறைக்கும். உடலின் தற்காப்பும் தளர்ந்திருக்கும். குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி வெப்பத்தை உள்ளே நிறுத்த வேண்டும். முதுமையில் அது மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் நடக்கிறது. நடுக்கம் என்பது தசைகள் வேலை செய்து வெப்பம் உண்டாக்கும் ஏற்பாடு. தசையே வற்றிப்போன உடம்பு நடுங்கி எவ்வளவு வெப்பத்தை உண்டாக்கிவிடும்? தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், பார்க்கின்சன், பக்கவாதம், மறதி நோய் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். தூக்க மாத்திரைகள், சில மனநல மருந்துகள், வலிக்குத் தரும் ஓபியாய்டு மருந்துகள் ஆகியவையும் உடலின் வெப்பக் கட்டுப்பாட்டைக் குழப்பும். அதற்காக எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குளிர்காலம் தொடங்கும்போது மருந்துப் பட்டியலை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள், போதும்.

குளிரால் ஆபத்து என்றதும் விறைத்துப்போவதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடைமுறையில் நாங்கள் அதிகம் பார்ப்பது மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா. முதியவரின் ரத்தக்குழாய்கள் வெப்பத்தைக் காக்கும் அளவுக்குச் சுருங்காவிட்டாலும், ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் அளவுக்குச் சுருங்கும். குளிரில் சிறுநீர் அதிகம் பிரிவதால் ரத்தம் கெட்டியாகிறது, உறையும் தன்மையும் கூடுகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயத்துக்கு இது போதாதா? இதயப் பாதிப்பு குளிர் அலை வந்த சில நாட்களுக்குள் தெரியும். நுரையீரல் பாதிப்பு ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட வரலாம். அதற்குள் வெயில் அடித்திருக்கும். நோய்க்கும் போன வாரக் குளிருக்கும் யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள்.

சரி, எவ்வளவு கதகதப்பு வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி, உடல்நலம் பற்றிய வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது. முதியோருக்கும் நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. பகலில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் என்றால் நான் 20, 21 டிகிரி வைக்கச் சொல்வேன். இரவில் நன்றாகப் போர்த்திப் படுப்பவருக்கு 18 போதும். செலவைக் குறைப்பது பற்றி இனி நான் சொல்லும் எல்லாமே இந்த 18-க்கு மேலே நடக்க வேண்டியவை.

எனவே முதலில் வாங்க வேண்டியது ஹீட்டர் இல்லை, அறை வெப்பத்தைக் காட்டும் ஒரு சின்ன தெர்மாமீட்டர். பெரியவர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் நெஞ்சு வரும் உயரத்தில் வையுங்கள். ஹீட்டருக்கு நேராகவும் வைக்கக் கூடாது, வெயில் படும் இடத்திலும் வைக்கக் கூடாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் "குளிருதாப்பா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "மீட்டர் எவ்வளவு காட்டுது?" என்று கேட்கலாம். முதல் கேள்விக்கு எப்போதும் "இல்லை" என்றுதான் பதில் வரும்.

அடுத்தது பணம். ஹீட்டரை அணைத்து வைக்கும் முதியவர்களில் பெரும்பாலோர் பில்லுக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறார்கள். "நாங்கள் கட்டுகிறோம், போட்டுக்கொள்ளுங்கள்" என்று பிள்ளைகள் சொன்னால் தலையாட்டுவார்கள். பிள்ளைகள் வாசலைத் தாண்டியதும் அணைத்துவிடுவார்கள். வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாக இருந்தவர்களை அதட்டி மாற்ற முடியாது. கணக்குப் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். 2000 வாட் ஹீட்டர் இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். 100 வாட் மின்சாரப் போர்வை எட்டு மணி நேரம் ஓடினாலும் 0.8 யூனிட்தான். ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி வெந்நீர்ப் பையில் ஊற்றுவதற்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. முழு அறையின் காற்றையும் சூடாக்குவதற்கும் ஒரு மனிதரைச் சூடாக வைப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம். ஆனால் போர்வைக்கு உள்ளே சூடாக இருந்தாலும் மூச்சில் போவது அறையின் குளிர்ந்த காற்றுதான். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு அதுவே இழுப்பைக் கிளப்பிவிடும். அதனால் போர்வை இருக்கிறதே என்று அறையைப் 12 டிகிரிக்கு விட்டுவிட முடியாது.

ஹீட்டர் வாங்கப் போனால் 'இது மின்சாரத்தைச் சேமிக்கும் மாடல்' என்பார்கள். கம்பிச் சுருள், ஃபேன், எண்ணெய் நிரப்பியது என்று எந்த மின் ஹீட்டராக இருந்தாலும் ஒரு யூனிட்டுக்கு ஒரே அளவு வெப்பம்தான் தரும். அதைத் தரும் விதம்தான் வேறு. கதிர்வீச்சு ஹீட்டர் எதிரில் இருப்பவரை நேரடியாகச் சூடாக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எதையாவது படிப்பவருக்கு ஏற்றது. எண்ணெய் ஹீட்டர் மெதுவாகச் சூடேறி, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் வெப்பம் தரும். படுக்கையறைக்கு அது நல்லது. உண்மையிலேயே மின்சாரம் மிச்சமாவது வெப்பமூட்டும் வசதியுள்ள ஏசியில். அது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துவருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு வெப்பம் தரும். வெளியே கடுங்குளிர் என்றால் இந்தப் பலன் குறையும். வீட்டில் அப்படிப்பட்ட ஏசி இருந்தும், அதைக் கோடைக்கு மட்டும் என்று மூடிவைத்துவிட்டு கம்பி ஹீட்டரை ஓட்டும் குடும்பங்கள் உண்டு.

'அணைத்து அணைத்துப் போட்டால்தான் பில் ஏறும், நாள் முழுக்கக் குறைவாக ஓடவிட்டால் மிச்சம்' என்றும் சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. வீடு இழக்கும் வெப்பம், உள்ளேயும் வெளியேயும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 8, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 12. உள்ளே ஒரு டிகிரி குறைத்தால் இழப்பு ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். ஆளில்லாத அறையைச் சூடாக்குவது வீண் செலவு. முதியவர் இருக்கும் அறையை மட்டும் டைமர் வைத்து, அவர் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே சூடாக்கத் தொடங்கினால் போதும்.

செலவே இல்லாத அல்லது கொஞ்சமே செலவாகும் வேலைகளும் நிறைய. பகலில் ஒரே அறையில் புழங்கி, மற்ற கதவுகளை மூடி வைக்கலாம். கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கைச் சுருட்டிய துணியால் அடைக்கலாம். ஜன்னல் இடுக்குகளுக்கு ஒட்டும் நுரைப்பட்டை மலிவாகவே கிடைக்கும். வெயில் விழும் ஜன்னலின் திரையைப் பகலில் திறந்து, பொழுது சாய்ந்ததும் இழுத்து மூட வேண்டும். திரை ஹீட்டரை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போகும் வீடுகளில் அடிக்கடி செய்யும் காரியம் நாற்காலியை நகர்த்துவது. வேடிக்கை பார்க்க வசதி என்று பெரியவரின் நாற்காலி ஜன்னலை ஒட்டியே கிடக்கும். காற்று 20 டிகிரி இருந்தாலும், குளிர்ந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்காருபவரின் உடல் வெப்பம் அதை நோக்கிக் கதிர்வீச்சாகப் போய்க்கொண்டே இருக்கும். உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி, காலுக்குக் கீழே ஒரு விரிப்பைப் போட்டால் ஒரு டிகிரிகூடக் கூட்டாமல் வித்தியாசம் தெரியும்.

இடுக்குகளை அடைக்கிறோம் என்று வீட்டைக் காற்றே புகாமல் மூடிவிடவும் கூடாது. சமையல், குளியல், உள்ளேயே காயும் துணி எல்லாம் ஈரத்தைக் கூட்டும். சுவரில் பூஞ்சை பிடிக்கும். காலையில் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து மூடினால் போதும், சுவரும் தரையும் அதற்குள் ஆறிவிடாது. அந்த நேரம் முதியவர் வேறு அறையில் இருக்கட்டும்.

உடுப்பு விஷயத்தில் தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று மேல். துணிகளுக்கு இடையில் தங்கும் காற்றுதான் வெப்பத்தைக் காக்கிறது. காலுறை முக்கியம், ஆனால் வழுக்காத அடிப்பாகம் இருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வது தவறு. தலை உடலின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, இழப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனாலும் முடி உதிர்ந்த தலைக்குக் கம்பளிக் குல்லா நல்லதுதான். அப்புறம், அசைவு. சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் 80 முதல் 100 வாட் வெப்பம் தருகிறது. எழுந்து மெதுவாக நடந்தால் அது இரண்டு மடங்காகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தாலே நல்லது. எழ முடியாதவர் உட்கார்ந்தபடியே கை, கால்களை அசைக்கலாம். வேளை தவறாமல் சூடான சாப்பாடு, இடையிடையே சூடாகக் குடிக்க ஏதாவது. இரவில் எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள் பலர். குளிரில் ரத்தம் கெட்டியாவதை அது இன்னும் மோசமாக்கும். மாலைக்குள் வேண்டிய அளவு குடித்துவிட்டால் இரவுக்கும் தொல்லை இல்லை.

குளியலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர்ந்த அறையில் ஆடை களையும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் இறங்கியதும் சடாரென்று இறங்குகிறது. ஜப்பானில் குளிர்காலத்தில் குளியல் தொட்டியில் முதியவர்கள் இறப்பது நீண்ட காலமாக ஆராயப்படும் பிரச்சினை. குளிப்பதற்கு முன்பே அந்த அறையைச் சூடாக்குங்கள். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். இரவில் கழிப்பறைக்கு எழும்போதும் இதே கதைதான்: எழுந்ததும் போட்டுக்கொள்ள மேலாடை ஒன்று படுக்கையிலேயே இருக்கட்டும். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

செலவைக் குறைக்கப் போய் உயிரையே கொடுக்கும் வழி ஒன்று உண்டு: மூடிய அறையில் கரி, விறகு, மண்ணெண்ணெய் கணப்பு; அல்லது அறையைச் சூடாக்க எரியும் காஸ் அடுப்பு. இவற்றில் வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் வரும், சளிக்காய்ச்சல் என்று தோன்றும். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உடனே எல்லோரும் வெளியேறி மருத்துவ உதவியை நாடுங்கள். எரிபொருள் எதை எரித்தாலும் புகை வெளியேற வழியும், மோனாக்சைடு அலாரமும் இருக்க வேண்டும். தூங்கும் அறையில் கரிக் கணப்பு கூடவே கூடாது. இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

மின் சாதனங்களிலும் சில கவனங்கள். ஹீட்டரைச் சுற்றி ஒரு மீட்டருக்குத் துணி, திரை, மெத்தை எதுவும் இருக்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரில் செருகாமல் சுவர் பிளக்கிலேயே செருகுங்கள். வெந்நீர்ப் பையில் கொதிக்கும் நீர் ஊற்ற வேண்டாம்; முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம்; உறை போட்டுப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, தூங்கும் முன் எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்குச் சுடுவதே தெரியாது, காலையில் கொப்புளமாகத்தான் தெரியும். மின்சாரப் போர்வையை மடித்துப் பயன்படுத்தக் கூடாது. அதனோடு வெந்நீர்ப் பை சேரவே கூடாது. மறதி நோய் உள்ளவருக்கும் படுக்கையில் சிறுநீர் போகிறவருக்கும் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஹீட்டருக்கு அருகிலேயே நாள்கணக்கில் உட்காருபவரின் முழங்காலுக்குக் கீழ் வலை பின்னியது போலச் செம்பழுப்புத் தடம் விழுந்திருந்தால், அது வெப்பத்தால் வந்தது. நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. வீட்டுக்குள்ளேயே வரும். கீழே விழுந்து எழ முடியாமல் தரையில் மணிக்கணக்கில் கிடப்பது ஒரு முக்கியக் காரணம். அதனால் தனியாக இருப்பவர் போனை எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும், தரையிலிருந்து எட்டும் உயரத்தில் ஒரு போர்வையும் இருக்கட்டும். பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, மந்தமாவது, சம்பந்தமில்லாமல் பேசுவது ஆகியவை அறிகுறிகள். நடுக்கம் இல்லை என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். நிலைமை மோசமானால் நடுக்கம் நின்றுவிடும். உங்கள் கையை அவர் வயிற்றில் வைத்துப் பாருங்கள். வயிறே சில்லென்று இருந்தால் ஆபத்து. காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை இதற்கு நம்ப முடியாது, அதன் அளவுகோலே 35-ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது.

சந்தேகம் வந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஈரத்துணியைக் கழற்றி, போர்வையால் உடம்பையும் தலையையும் சுற்றுங்கள். தரைக்கும் உடம்புக்கும் நடுவிலும் ஏதாவது விரியுங்கள். கை, காலைத் தேய்க்காதீர்கள், வெந்நீரில் இறக்காதீர்கள். முரட்டுத்தனமாகப் புரட்டினால் குளிர்ந்த இதயம் தாளம் தப்பிவிடலாம். மது கொடுக்கவே கூடாது, அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து மிச்ச வெப்பத்தையும் வெளியேற்றும். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். நாடி மிக மெதுவாக, கிடைக்காத அளவுக்கு மெலிந்திருக்கலாம். அதை வைத்து எல்லாம் முடிந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் போனில் சொல்வதைச் செய்துகொண்டே இருங்கள்.