ஹசார்ட் லைட்: மழைக்கு அல்ல, நின்றுபோன வண்டிக்கு

பிற்பகல் மழை கொட்டத் தொடங்கினால் போதும், சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் பல வண்டிகள் ஹசார்ட் லைட்டைப் போட்டு, நாலு மூலை விளக்கும் மினுக்கிக்கொண்டே ஓடும். ஓட்டுநர்களுக்கு அது எச்சரிக்கை. பின்னால் வருபவருக்கோ குழப்பம்.

சிவப்பு முக்கோணப் பொத்தானுக்குப் பொருள் ஒன்றுதான்: இந்த வண்டி நின்றுவிட்டது, விலகிப் போங்கள். பெரும்பாலான கார்களில் ஹசார்ட் எரியும்போது சிக்னல் போட்டாலும் தெரியாது; தடம் மாறப் போவதைச் சொல்ல வழியில்லை. பின் விளக்கு ஒன்றைப் பக்கத்து லாரி மறைத்துவிட்டால், மற்றொன்று மட்டும் மினுக்குவது திரும்பப் போகிறீர்கள் என்றே படும்.

மழையில் போட வேண்டியது லோ பீம் ஹெட்லைட். இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை அது எப்படியும் கட்டாயம். பகல் மழையில் ஹெட்லைட் சுவிட்சின் ‘ஆட்டோ’ நிலையை நம்ப வேண்டாம்: வெளிச்சம் போதும் என்று சென்சார் நினைத்தால் ஹெட்லைட் எரியாது. முன்னால் பகல் விளக்கு மட்டும் எரியும் பல கார்களில் பின்பக்கம் இருட்டாகவே இருக்கும்.

விரைவுச்சாலையில் வண்டி மக்கர் செய்தால் ஹசார்டை உடனே போடுங்கள். ஓட்டம் இருக்கும்போதே இடதுபுறச் சாலையோரத் தடத்துக்கு ஒதுக்குங்கள். இடதுபக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடிக்கு 25 மீட்டர் கடக்கும். பானெட்டைத் திறந்து பார்க்கும் இடம் அதுவல்ல. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விரைவுச்சாலைக் கண்காணிப்பு அமைப்பான இமாஸின் மீட்பு வண்டி, அருகில் உள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுபோவது உங்கள் செலவு.

தேக்காவில் பூ வாங்க ‘ரெண்டே நிமிஷம்’ என்று ஹசார்டைப் போட்டுவிட்டு இறங்குவது இன்னொரு வழக்கம். விளக்கு மினுக்குவதால் சாலைக்கோடு மாறிவிடாது. இரட்டை மஞ்சள் கோட்டில் எந்நேரமும் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. ஒற்றை மஞ்சள் வளைகோட்டில் (ஸிக்ஸாக் கோடு) ஆளை ஏற்றி இறக்கியதும் நகர வேண்டும். இரட்டை மஞ்சள் வளைகோட்டில் அதற்கும் இடமில்லை.

மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்தி, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் எரியாவிட்டால் பெரும்பாலும் பல்புதான் போயிருக்கும். நாலும் எரியாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.