அடுப்படியிலிருந்து முகப்பு வரை

சர்க்கரை ஏறியிருக்கிறது, தினம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று காரைக்குடியில் டாக்டர் சொல்லி அனுப்பினார். மறுநாள் விடியற்காலை, பேத்தி வாங்கித் தந்த கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு அப்பத்தா ஊருணிக்கரைக்குக் கிளம்பினார். முதல் நாள் முழுச் சுற்று. இரண்டாம் நாள் பாதி. மூன்றாம் நாள் தூறல். நான்காம் நாள் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். அப்புறம் அந்த ஷூ, வளவு என்கிற உள்முற்றத்தின் மூலையில் இருந்த மரப்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்பத்தா சோம்பேறி இல்லை. ஐம்பது வயது வரை தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போனவர். அத்தனை தூரம் நடந்த காலுக்கு ஊருணிக்கரை ஏன் பாரமானது என்று கேட்டேன். “அப்ப யாருடா பழனிய நெனச்சு நடந்தா? இன்னைக்குக் குன்னக்குடி, அவ்வளவுதான்” என்றார்.

இந்தப் பதிலைக் கிட்டத்தட்ட அப்படியே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1981-இல் ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் என்ற இரு உளவியலாளர்கள், கழித்தல் கணக்கு வராத 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் 42 பக்கக் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரு குழுவிடம், ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம், ஏழு அமர்வு முடிவதற்குள் 42 பக்கமும் முடியட்டும் என்றார்கள். மொத்த வேலை இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான். ஆனால் ஆறு ஆறு பக்கமாகப் போன பிள்ளைகள் கணக்கை நன்றாகக் கற்றார்கள். தங்களால் முடியும் என்ற நம்பிக்கை வந்தது. கணக்கின் மேல் ஆசையும் வந்தது. தூரத்து இலக்கு கிடைத்த பிள்ளைகளோ, இலக்கே கொடுக்கப்படாத பிள்ளைகளைவிடப் பெரிதாக முன்னேறவில்லை.

இதற்கு மூளைக்குள் என்ன காரணம் இருக்கக்கூடும்? 1990-களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு நாக்கில் விழுந்தால் செல்கள் துள்ளின. சாறு வருமுன் விளக்கு எரியும் என்று குரங்கு பழகியபின், விளக்குக்கே துள்ளின. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான அளவுக்கும் கீழே அடங்கிப்போயின. ஆகவே இந்தச் செல்கள் கணக்குப் பார்ப்பது கிடைத்த பொருளை அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. பந்தியில் இலை நிறையப் பதார்த்தம் இருக்கும். ஆனால் வரும் என்று நினைத்த கல்கண்டு வடை வரவில்லையென்றால் மனசு சுணங்குகிறது அல்லவா, அந்த மாதிரி.

குரங்கின் பழச்சாற்றிலிருந்து மனிதரின் தீர்மானங்களுக்குத் தாவுவது கொஞ்சம் நீளமான தாவல்தான். ஆனாலும் கணக்கு பொருந்துகிறது. முக்கால் மணி நேரம் என்று மனதில் எழுதிவைத்து இருபது நிமிடம் நடந்தால், நடந்த இருபது தெரிவதில்லை. விடுபட்ட இருபத்தைந்துதான் தெரிகிறது. ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு ஏழு நடந்தால் அன்றைக்கு லாபம்.

எங்கள் வீட்டில் மாற்று யோசனை சொன்னது என் மனைவி. “ஊருணிக்கரையெல்லாம் வேண்டாம் அப்பத்தா. சாப்பிட்டுக் கை கழுவினதும் முகப்பு வரைக்கும் போயிட்டு வாங்க. ஒரே ஒரு தடவை.” செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். எங்கள் அடுப்படியிலிருந்து இரண்டாங்கட்டு, வளவு எல்லாம் தாண்டி முகப்புத் திண்ணையைத் தொட, அப்பத்தாவின் நடைக்கு 70 எட்டு. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. வெறுங்காலுக்குக் குளுகுளு என்றிருக்கும். ஷூவும் வேண்டாம், விடியற்காலையும் வேண்டாம்.

அந்த யோசனையில் தூரத்தைவிட முக்கியமான இடம் ‘கை கழுவினதும்’ என்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்: என்ன செய்யப்போகிறோம் என்பதோடு எப்போது, எங்கே என்பதையும் முடிவு செய்துவிட்டால், நேரம் வரும்போது மனம் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. 2002-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், ஒரு வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்த மாணவர்கள் சாதாரணக் குழுவில் 38 சதவீதம். இதய நோயைப் பற்றி எடுத்துச் சொல்லி ஊக்கப்படுத்திய குழுவில் 35. அதே ஊக்கத்தோடு நாள், நேரம், இடம் எழுதி வைக்கச் சொன்ன குழுவில் 91. ஊக்கம் மட்டும் ஊட்டியதில் ஒரு பலனும் இல்லை என்பதை நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

இப்படி ஒரே குறிப்பை ஒட்டி ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, அந்த வேலை மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியிடம் கைமாறுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபீல் என்ற விஞ்ஞானி எலிகளைப் பாதை ஓடவிட்டுப் பார்த்தார். புதிதில் வழி முழுக்க அந்தப் பகுதியின் செல்கள் பரபரத்தன. பழகியபின் கிளம்பும்போதும் சேரும்போதும் மட்டும்தான்.

பழக எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்த எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகையிலிருந்து எண்ணி 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. 21 இழை நூல் திரியை மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் பழக்கத்துக்கு 21 நாள் என்ற கணக்கு வந்த வழியே வேறு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பின் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். கைமாறிக் கைமாறி ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 84 நாள் பின்தொடர்ந்து, 2009-இல் சொன்ன கணக்கு வேறு: நடுவாக 66 நாள். சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் மாதிரியான எளிய பழக்கம் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி தாமதமானது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. நோன்பு முறிந்துபோன மாதிரி நினைத்து அதோடு கைவிட வேண்டியதில்லை.

சரி, போக 70 எட்டு, வர 70 எட்டு நடந்து சர்க்கரைக்கு என்ன ஆகும்? ஒரு தடவையோடு பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் அது வேளைக்குப் பத்துத் தடவையாக, கால் மணி நேர நடையாக, தானே வளர்ந்தது. சாப்பிட்டதும் நடந்தால், சுருங்கி விரியும் தசைகள் இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்தின் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். 2013-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடந்தது, காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடந்ததற்கு ஈடாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறைப்பதில் அதைவிட மேலாகவும் இருந்தது. பங்கெடுத்தவர்கள் 10 முதியவர்கள்தான், சின்ன ஆய்வு. ஆனால் டாக்டர் சொன்ன முக்கால் மணி நேரத்தைத்தான் அப்பத்தா மூன்றாகப் பிரித்து நடந்துகொண்டிருந்தார்.

இடையில் ஒரு மாதம் சென்னைக்கு, சித்தப்பா ஃபிளாட்டுக்குப் போனார். நடை நின்றுபோனது. அடுப்படிக்கும் வாசலுக்கும் பதினோரு எட்டு. திரும்பினால் சோபாவில் இடிக்கும். இடம் மாறினால் குறிப்புகள் காணாமல் போகும், கூடவே பழக்கமும் போகும். கல்லூரி மாறிய மாணவர்களிடம் வெண்டி வுட் என்ற உளவியலாளர் 2005-இல் கண்டதும் இதுதான்: உடற்பயிற்சி செய்யும் சூழல் மாறாதவர்களிடம் பழக்கம் தொடர்ந்தது, மாறியவர்களிடம் அறுந்தது.

பல்லவன் ரயிலில் இரவு வந்து இறங்கினார். வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி சாப்பிட்டார், முற்றத்தில் கை கழுவினார். நாளைக்கு மறுபடி ஒரு தடவையிலிருந்து தொடங்கச் சொல்லலாம் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தபோது, இருட்டில் வளவைத் தாண்டி எங்கோ முன்னாலிருந்து குரல் வந்தது.

“முகப்பு லைட்டப் போடுடா, ஒண்ணும் தெரியல.”