கூலண்ட் டப்பாவுக்குள் அடைபட்ட காற்று

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய டீசல் காருக்கு வயது பதின்மூன்று. தயாரித்த நிறுவனம் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. கூலண்ட் டப்பாவில் விரிசல் விழ, எம்-சீல் பூசி இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். பிறகு மெக்கானிக் பழைய உதிரிபாகக் கடையிலிருந்து ஒரு சின்ன பெட்ரோல் காரின் டப்பாவை வாங்கி வந்து மாட்டினார். ஹோஸ்கள் கச்சிதமாக ஏறின. "மேக்ஸ் கோடு வரை ஊற்றுகிறேன். உடுமலை போய்வந்தால் மூடியைச் சுற்றி ஈரம். மறுநாள் பார்த்தால் மட்டம் குறைந்திருக்கிறது. ஆனால் வண்டி சூடேறவில்லை. ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கலாம் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?" ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு.

பிரிப்பதற்கு முன் அடுப்படியிலிருந்து ஒரு அளவு ஜாடியை எடுத்து வாருங்கள் என்று அவருக்குப் பதில் எழுதினேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்ட் சூட்டை வாங்கி ரேடியேட்டரில் விடுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். சூடானால் திரவம் விரியும் என்பதும் தெரியும். எவ்வளவு விரியும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீரும் கிளைக்கால் (glycol) என்ற ரசாயனமும் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், காலைக் குளிர்ச்சியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது நூற்றுக்கு நாலரை பங்கு விரிகிறது. இவருடைய வண்டி ஏழு லிட்டர் பிடிக்கும் என்றால், ஏறக்குறைய 300 மில்லி கூடுதலாக இடம் கேட்கும்.

மாருதி 800 போன்ற வண்டிகளில் அழுத்த மூடி, அதாவது அழுத்தம் ஓர் அளவை மீறினால் திறக்கும் மூடி, ரேடியேட்டரின் தலையிலேயே இருக்கும். வழியும் கூலண்ட் பக்கத்துப் பாட்டிலுக்குப் போய், ஆறியதும் உறிஞ்சப்பட்டுத் திரும்பி வரும். அந்தப் பாட்டிலில் அழுத்தம் கிடையாது. கையில் கிடைத்த எந்தப் பாட்டிலையும் அங்கே வைத்து ஒப்பேற்றிவிடலாம். நம் வாசகரின் வண்டி வேறு வகை. மூடி டப்பாவின் மேலேயே இருக்கிறது, டப்பாவும் அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும்.

அந்த டப்பாவின் மேல்பாதியில் கூலண்ட் இருக்காது, காற்று இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். கூலண்ட் விரிந்து மேலே ஏறும்போது அந்தக் காற்று வெளியே போக வழியில்லாமல் சுருங்குகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். மொத்த அமைப்புக்கும் ஸ்பிரிங் போல வேலை செய்வது அந்த ஒரு கையளவு காற்றுதான்.

காற்றின் இடம் எவ்வளவு சுருங்குகிறதோ அந்த விகிதத்தில் அழுத்தம் ஏறும் என்று பள்ளியில் படித்த பாயில் விதியை வைத்தே கணக்குப் போடலாம். பழைய டப்பாவில் மேக்ஸ் கோட்டுக்கு மேல் ஒரு லிட்டர் காற்று இருந்தது என்று கொள்வோம். 300 மில்லி ஏறியதும் காற்று 700 மில்லியாகச் சுருங்குகிறது. தொடக்கத்தில் ஒரு பாராக (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருந்த அழுத்தம் 1.4 மடங்காகும். காற்றும் சூடாவதால் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். 90 டிகிரியில் கூலண்டிலிருந்து எழும் ஆவி அரை பார் சேர்க்கும். கூட்டினால் 2.2 பார். வெளியில் இருக்கும் வளிமண்டலத்தின் ஒரு பாரைக் கழித்தால் 1.2. மூடி 1.4 பாரில்தான் திறக்கும் என்றால், அது அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இப்போது சின்ன டப்பாவுக்கு வருவோம். மேலே அரை லிட்டர் காற்றுதான் இருக்கிறது. அதே 300 மில்லி ஏறினால் மிஞ்சுவது 200 மில்லி இடம். அழுத்தம் இரண்டரை மடங்கு. சூட்டையும் ஆவியையும் சேர்த்தால் மூன்றரை பார், வெளியழுத்தம் போக 2.5. ஹோஸ்கள் கொஞ்சம் புடைத்து இடம் கொடுக்கும், ஆனாலும் அந்த அளவு வருவதற்கு வெகுமுன்பே மூடி திறந்து காற்றை விட்டுவிடும். மூடிக்கு மிக அருகில் வந்துவிட்ட கூலண்டும் கூடவே தெறிக்கும். அந்த மேக்ஸ் கோடு நாலு லிட்டர் பிடிக்கும் இன்ஜினுக்காகப் போட்ட கோடு. மறுபடி அதுவரை ஊற்றினால், ஹெட் கேஸ்கட் நன்றாக இருந்தாலும், மறுபடியும் தெறிக்கத்தான் செய்யும்.

அழுத்தம் வீணாக வைக்கப்படவில்லை. இந்தக் கலவை சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் கூடுதலாக இருந்தால் 129 டிகிரி வரை தாங்கும். சிலிண்டர் ஹெட்டின் சுவரை ஒட்டிய கூலண்ட் மற்ற இடங்களைவிட அதிகம் சூடாகிறது. அங்கே ஆவிப்படலம் படர்ந்துவிட்டால் உலோகத்தின் சூட்டை வாங்கிச் செல்ல ஆளில்லை. அதனால் மூடியில் பொறித்திருக்கும் எண்ணும் முக்கியம். டப்பா எந்த வண்டியுடையதாக இருந்தாலும் மூடியின் எண் உங்கள் வண்டிக்குரியதாக இருக்கட்டும்.

ஹைவேயில் லாரி ஓட்டுபவர்கள் சிலர், இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் வண்டி சூடாகாது என்று சொல்வார்கள். பம்பரில் எலுமிச்சை கட்டுவதால் வண்டிக்குக் கேடு எதுவும் இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் கேடு உண்டு. இன்ஜின் வேலைச்சூட்டை எட்டாமலே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். அந்த நம்பிக்கையை விட்டொழிக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017-இல் செவ்ரோலே இங்கே விற்பனையை நிறுத்தியது. 2021-இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. வண்டிகள் மட்டும் நம் தெருக்களில் இன்னும் ஓடுகின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022-இல் மத்திய அரசு அமைத்த குழுவின் வரம்பில் வாகனங்களும் உண்டு. ஒரு டப்பாவின் கொள்ளளவும் மூடியின் அழுத்தமும் ரகசியமாக இருக்க எந்த நியாயமும் இல்லை. நாட்டை விட்டுப் போகும் நிறுவனம் இவற்றைப் பொதுவில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் ஜாடியோடு உட்கார்ந்தார். விரிசலில் டேப் ஒட்டி, பழைய டப்பாவில் மேக்ஸ் கோடு வரை தண்ணீர் ஊற்றினார். அங்கிருந்து கழுத்து வரை நிரப்ப எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தார். 1,020 மில்லி. புது டப்பாவில் 460. கோட்டைக் கீழே இறக்கி வரையலாமா என்று கேட்டார். இறக்கினால் மட்டம் ரேடியேட்டரின் தலைக்குக் கீழே போய்விடும். டப்பாதான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் குமிழிகள் அங்கே வந்து சேரும். தாழ்ந்தால் ஹெட்டிலேயே தங்கிவிடும். வேண்டாம் என்றேன்.

அவர் ஜாடியையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போய், நாலைந்து டப்பாக்களை அளந்து பார்த்து, 980 மில்லி உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பிராக்கெட்டை மட்டும் பட்டறையில் செய்துகொண்டார்.

மாட்டிய பிறகு பார்க்க வேண்டிய ஒன்று பாக்கி. டப்பாவுக்கு மேலே ஒரு மெல்லிய ஹோஸ் வரும். ரேடியேட்டரின் உச்சியில் சேரும் குமிழிகளைக் கொஞ்சம் கூலண்டோடு கொண்டுவரும் வழி அது. அகலமான டப்பாவுக்குள் வந்ததும் ஓட்டம் தணிந்து, குமிழிகள் மேலேறிக் காற்றோடு கலந்துவிடும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தச் சொன்னேன். இன்ஜின் சூடாவதற்குள் மூடியைப் போட்டுவிடவும் சொன்னேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஹோஸ் இரண்டு குமிழிகளைக் கக்கியது, அடுத்து நூல் போல ஒரு தாரை டப்பாவுக்குள் விழத் தொடங்கியது என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.