மேற்கே ஐந்து முஷ்டி

கடலூரில் சூரியன் கடலில் உதிக்கும். மறைவது நிலத்துப் பக்கம். ஓ.டி.யில், அதாவது ஊரின் பழைய நகரப் பகுதியான ஓல்டு டவுனில், எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கேப்பர் மலை தெரியும். அதை மலை என்றால் செஞ்சிக்காரர்கள் சிரிப்பார்கள், செம்மண் மேடுதான். ஆனாலும் ஆண்டு முழுக்க அதைத்தான் செல்போனில் படம் பிடிக்கிறேன்.

மார்கழியில் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்குக்கு இடப்பக்கம் மறைகிற சூரியன், ஆனியில் வலப்பக்கம் வெகுதூரம் தள்ளிப் போய்விடும். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் வரும் ஊசலாட்டம் இது. நம் ஊரில் நேர் மேற்கிலிருந்து இரு பக்கமும் சுமார் 24 பாகை. கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஆக, மொத்தம் ஐந்து முஷ்டி. இன்னொரு வேடிக்கை: பகல் மிகக் குறுகுவது டிசம்பர் 21, 22 வாக்கில், ஆனால் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது நவம்பர் பிற்பாதியில், மாலை 5.45-ஐ ஒட்டி. சூரியன் உச்சிக்கு வரும் நேரமே அந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தள்ளிப் போவதுதான் காரணம்.

சரி, நிறத்துக்கு வருவோம். காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கின்றன. சூரியன் அடிவானத்தைத் தொடும்போது அதன் ஒளி, தலைக்கு மேல் இருக்கும்போது கடக்கிற காற்றைப்போல் 38 மடங்கு அளவு காற்றைக் கடந்து வர வேண்டும். நீலம் வழியிலேயே சிதறிப் போக, ஆரஞ்சும் சிவப்பும் நம்மிடம் வந்து சேர்கின்றன.

தூசி கிளம்பினால் மாலை இன்னும் சிவக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படி நம்பித்தான் ஒரு சித்திரை முழுக்க வீணடித்தேன். பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோல் சிதறடிக்கும். வானம் சாயம் போன வேட்டி மாதிரி வெளுக்கும். கடலோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: காற்றிலுள்ள உப்புத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும். மாலையில் சூரியனுக்கு எதிரே கேமராவை நீட்டும்போது இந்தத் துகள்கள் ஒளியை நம் பக்கமே தள்ளுவதால், மலை பால் கலந்ததுபோல் மங்கிவிடுகிறது. செம்மண் நிறம் வேண்டுமென்றால் காலையில் எடுங்கள். அப்போது சூரியன் நம் முதுகுப் பக்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மாலைதான் என் கணக்கில் சிறந்தது. மழை தூசியைக் கழுவியிருக்கும். உயரத்தில் மெல்லிய மேகம் மிச்சமிருந்தால், சூரியன் மறைந்த பிறகும் கீழிருந்து வரும் செவ்வொளி அதில் படும். போன் கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். சிவப்பைக் கோளாறு என்று நினைத்து அது திருத்திவிடும். ‘டேலைட்’ போதும்.

அப்புறம், சூரியன் மறைந்ததும் ஒருமுறை கடல் பக்கம் திரும்புங்கள். அடிவானத்தில் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை, அதன் மேல் இளஞ்சிவப்பில் இன்னொன்று. கீழே இருப்பது மேகமல்ல, வளிமண்டலத்தின்மேல் விழும் பூமியின் நிழல். அது மெல்ல மேலேறி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் இருட்டோடு கலந்துவிடும்.