கோது: சுட்ட தோட்டாவின் மிச்சம்

துப்பாக்கி வெடித்தபின் மிஞ்சும் பித்தளைக் குழலுக்கு என்ன பெயர்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கேட்டால் ‘காலித் தோட்டா’ என்பார்கள். நாளிதழ்கள் ‘தோட்டா உறை’ என்றும், அவசரத்தில் ‘குண்டு’ என்றும் எழுதிவிடுகின்றன. குண்டுதான் பறந்துபோயிற்றே, கீழே கிடப்பது எப்படிக் குண்டாகும்?

தோட்டா என்பது முழுப் பொருள்: குண்டு, வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் கேப், மூன்றையும் தாங்கும் கூடு. சொல் இந்துஸ்தானியின் ‘டோட்டா’விலிருந்து வந்தது. தெலுங்கில் அது தூட்டா. மலையாளக் கரையில் மீன்பிடிக்க எறியும் வெடிக்கும் தோட்ட என்றே பெயர். ஓலையைக் குறிக்கும் நம் ‘தோடு’ என்ற சொல்லோடு முடிச்சுப் போட ஆசை வரும். ஒலி ஒத்துப்போவதைத் தவிர அதற்கு ஆதாரமில்லை. ஆங்கிலத்தின் கார்ட்ரிட்ஜ், காகிதச் சுருளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. 1857இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்தது அந்தக் காகிதத் தோட்டாவைத்தான். பித்தளை பிறகு வந்தது: நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம்.

கூட்டுக்கு மட்டும் தனிச்சொல் வேண்டுமென்றால் வெளியே தேட வேண்டாம். ஈழத்தமிழில் முட்டை ஓடு ‘முட்டைக்கோது’. செட்டிநாட்டு வளவில் புளியைக் காயவைத்து உடைக்கும்போது சதையை எடுத்துக்கொண்டு ஒதுக்குகிறோமே, அதுவும் கோதுதான். உள்ளீடு போனபின் நிற்கும் கூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மறுப்பு எழும். கோது என்றால் கழிவு என்றும் பொருள் உண்டு. இந்தப் பித்தளையோ கழிவல்ல. அமெரிக்காவில் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கழுவி, வெடித்த கேப்பைத் தட்டி எடுத்து, விரிசல் பார்க்கிறார்கள். சுடும்போது அழுத்தத்தில் பித்தளை விரிந்து, துப்பாக்கிக்குள் தோட்டா அமரும் குழலறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சற்றே சுருங்கினாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அதனால் அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள், நீண்டுவிட்ட வாயை வெட்டிச் சீராக்குகிறார்கள். பிறகு புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குகிறார்கள். இதை அவர்கள் ‘ரீலோடிங்’ என்கிறார்கள். தமிழில் ‘மீண்டும் தோட்டா நிரப்புதல்’ என்று பெயர்த்தால் துப்பாக்கிக்குள் தோட்டா போடுவதாகப் படும். ‘கோது நிரப்புதல்’ என்றால் குழப்பமில்லை. பிழிந்த கரும்பின் கோதும் ஆலை அடுப்புக்கு எரிபொருளாகிறது. கழிவு என்ற பொருள் சொல்லைக் கெடுத்துவிடாது.

(நம் ஊரில் இது வீட்டு வேலையல்ல. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். உரிமம் உள்ள துப்பாக்கியையே தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.)

செய்தியில் எழுதும்போது ‘சம்பவ இடத்தில் இரண்டு தோட்டாக் கோதுகள் கிடந்தன’ என்றால் போதும். ‘காலிக் கோது’ என்று எழுத வேண்டாம். கோது என்றாலே காலிதான்.